சேர்ந்த இளைஞர்கள் நிற்காமல் போனது ஏன்: வருகைப் பதிவேட்டில் இருந்த விடை

எங்கள் ரோட்டரி சேவைச் சங்கத்தில் இளைஞர்கள் சேர்வார்கள், சில கூட்டங்களுக்கு வருவார்கள், அப்புறம் ஆளையே பார்க்க முடியாது. சந்தாவைக் குறைத்தோம், இன்ஸ்டாகிராமில் பதிவு போட்டோம், நல்ல பேச்சாளர்களை அழைத்தோம். சேருபவர்கள் கூடினார்கள், நிற்பவர்கள் கூடவில்லை.

வருகைப் பதிவேட்டையும் ரத்ததான முகாம் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. 'வரவில்லை' என்று குறித்திருந்த பலர் முகாம் படங்களில் வேலை செய்துகொண்டிருந்தார்கள்! பதிவேடு கூட்டங்களை மட்டும்தான் எண்ணியது. அவர்களுக்கே வருகை குறைவு என்று நினைவூட்டல் வேறு போயிருந்தது.

சரி என்று களப்பணியையும் வருகையாகக் கணக்கிட்டோம். ரோட்டரியே 2016-இல் கூட்டம், வருகை விதிகளைச் சங்கங்கள் தளர்த்திக்கொள்ள அனுமதித்தது, ஆகவே இது விதியை மீறும் காரியம் இல்லை. ஆனால் அதைவிட முக்கியமானது, புதியவருக்கு முதல் மாதமே ஒரு சின்னப் பணியைச் செலவுத் தொகையோடும் முடிவெடுக்கும் உரிமையோடும் கொடுத்தது. மூத்தவர் ஒருவர் கூட இருப்பார், கேட்டால் மட்டும் சொல்வார். நாற்காலி போடுவதும் படம் எடுப்பதும் பொறுப்பில் சேராது. இப்போது நிற்கிறார்கள், முகாமை அவர்களே திட்டமிட்டு நடத்துகிறார்கள்.