தென்கிழக்காசியச் சீன இலக்கியம்: எழுதப் புகுமுன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை எனப் பக்கத்துப் பக்கத்து நாடுகளில் இருந்துகொண்டு சீனமொழியில் எழுதுகிறவர்கள் நீண்ட காலமாக ஒருவரையொருவர் வாசித்து வருகிறார்கள். ஒரு நாட்டுப் பத்திரிகையில் இன்னொரு நாட்டுக்காரர் எழுதுகிறார், ஒருவர் ஊருக்கு மற்றவர் போய்க் கூடிப் பேசுகிறார்கள். இந்த உறவைப் பற்றிக் கட்டுரை எழுதவோ, ஒரு கதையை மொழிபெயர்க்கவோ, கூட்டம் நடத்தவோ நினைப்பவர்கள் சில இடங்களில் தவறாமல் தடுக்கி விழுகிறார்கள்.

முதல் தவறுதான் பெரியது. சீனமொழியில் எழுதப்படுவதால் இதெல்லாம் சீன இலக்கியத்தின் கிளை என்று எடுத்துக்கொள்வது. இது வேண்டாம் என்று அந்த எழுத்தாளர்களே எப்போதோ சண்டை போட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1938 முடிவில் எழுத்தாளர் யூ தாஃபு சிங்கப்பூர் வந்தார். சீனாவில் ஏற்கெனவே பெரும்புகழ் பெற்றவர். சின் சியூ ஜிட் போ நாளிதழின் இலக்கியப் பக்கத்தை நடத்தினார். மறுவருடத் தொடக்கத்திலேயே, உள்ளூர் இலக்கியம் பற்றி அவர் எழுதிய கட்டுரையை இங்கிருந்த இளைஞர்கள் எதிர்த்து எழுதினார்கள். அவர் புகழுக்காக யாரும் வாயடைத்து நிற்கவில்லை. (ஜப்பானியர் வந்தபோது சுமத்ராவுக்குத் தப்பியோடி வேறு பெயரில் வாழ்ந்த அவர், போர் முடிந்த 1945இல் ஜப்பானிய ராணுவப் போலீஸாரால் கொல்லப்பட்டார்.)

அதைவிட முக்கியமானது 1947-48 விவாதம். மலாயாவில் இருந்துகொண்டு சீனாவைப் பற்றியே எழுதுவது புலம்பெயர்ந்தோர் எழுத்து, நமக்கு வேண்டியது இந்த மண்ணின் பிரச்சினையை இப்போதே பேசும் எழுத்து என்று ஒரு தரப்பு வாதிட்டது. சீனாவிலிருந்து வந்திருந்த பத்திரிகையாளர் ஹு யூஜி போன்றவர்கள் மறுத்தார்கள். ஹாங்காங்கில் இருந்த சீன எழுத்தாளர் குவோ மோருவோவும் தன் கருத்தை எழுதினார். மலாயாவின் தனித்தன்மைக்காக உரத்துப் பேசிய ஜின் ஜிமாங் சீனாவில் பிறந்து, மலாயாவுக்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டுகளே ஆனவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆகவே, இங்கே பிறந்தவன் ஒரு பக்கம், அங்கிருந்து வந்தவன் மறுபக்கம் என்று பிரித்து எழுதினால் அதுவும் தவறாகிவிடும். 1948இல் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒடுக்கப் பிரிட்டிஷார் அறிவித்த அவசரநிலை வந்தது, அப்புறம் சீனாவிலிருந்து வரும் நூல்களுக்குக் கட்டுப்பாடும் வந்தது. அதன்பின் இங்குள்ளவர்கள் தங்களையும் பக்கத்து நாட்டுக்காரர்களையும் வாசிப்பது இன்னும் கூடியது என்றே நான் கருதுகிறேன்.

இன்றைய வரைபடத்தை வைத்துப் பழையதைப் பிரிப்பது இன்னொரு தவறு. மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்த 1965க்கு முந்தைய எழுத்தாளர் ஒருவரைச் 'சிங்கப்பூர்க்காரர்' என்றோ 'மலேசியர்' என்றோ முத்திரை குத்துவது பெரும்பாலும் பொருந்தாது. அன்று அது ஒரே வாசகர் கூட்டம். 'சாவ் பூன்' என்ற இதழ் 1955இல் சிங்கப்பூரில் பிறந்து, கோலாலம்பூருக்குப் போய், 1999இல் நின்று, பிறகு ஜொகூர் பாருவில் ஒரு கல்லூரியில் மறுபடி உயிர்பெற்றது. அதை எந்த நாட்டுக் கணக்கில் எழுதுவது? கோலாலம்பூரை மட்டும் பார்த்து, போர்னியோ தீவிலுள்ள சரவாக் மாநிலத்தை விட்டுவிடுவதும் இதே வகைதான். சரவாக் தலைநகர் கூச்சிங்கின் கவிஞர் வூ ஆன் எழுதத் தொடங்கியபோது சரவாக் பிரிட்டிஷ் காலனி. மலேசியாவில் சேர்ந்த பிறகு, 1966 முதல் பத்தாண்டுகள் சிறையில் இருந்தார். அவரை 'மலேசியக் கவிஞர்' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்தால் அந்த வாழ்க்கை மொத்தமும் விட்டுப்போகிறது.

எல்லா நாட்டுக்கும் ஒரே அளவுகோல் வைப்பதுதான் என்னை மிகவும் வருத்தும் தவறு. இந்தோனேசியச் சீனக் கவிதை ஒன்றைப் படித்துவிட்டு 'பழைய பாணி' என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் 1966இல் அங்கே சீனப் பள்ளிகள் மூடப்பட்டன. சுகார்த்தோ ஆட்சி 1998இல் முடியும்வரை, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள், சீன எழுத்து பொதுவெளியில் தடை செய்யப்பட்டிருந்தது. அரசின் பிடியில் இருந்த ஒரேயொரு நாளிதழுக்கு மட்டும் அனுமதி. ஒரு முழுத் தலைமுறை எழுத்துக் கூட்டவே கற்காமல் வளர்ந்தது. சீனப் பண்பாட்டு வெளிப்பாட்டைத் தடுத்த 1967 ஆணையை அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹிட் 2000இல்தான் நீக்கினார். 1998க்குப் பிறகு மறுபடி எழுத வந்தவர்களில் பலர் தடைக்கு முன் பள்ளி முடித்த முதியவர்கள். அவர்கள் நடை அந்தக் காலத்து நடையாக இருப்பதில் வியப்பென்ன? பிலிப்பைன்ஸில் 1972இல் மார்க்கோஸ் ராணுவச் சட்டம் கொண்டுவந்தபோது சீன நாளிதழ்கள் மூடப்பட்டன, அவற்றோடு இலக்கியப் பக்கங்களும் போயின. பர்மாவில் 1965இல் சீனப் பள்ளிகள் உட்படத் தனியார் பள்ளிகள் அரசுடைமையாயின. இந்த வரலாறு இல்லாமல் எழுதப்படும் ஒப்பீடு நியாயமானதல்ல.

இந்தோனேசியாவைப் பேசும்போது இன்னொன்றும் குழம்பும். சீன வம்சாவளியினர் எல்லோரும் சீனத்தில் எழுதியவர்கள் அல்லர். க்வீ தெக் ஹோய் போன்றவர்கள் மலாயில் எழுதினார்கள். அது தனி மரபு, அதற்கென்று தனிக் கட்டுரை வேண்டும்.

மாநாடுகளை மட்டும் எண்ணிப் பார்த்து உறவை அளப்பதும் சரியில்லை. 1980களின் இறுதியிலிருந்து ஆசியான் சீன இலக்கிய முகாம் நாடு மாற்றி நாடு நடந்திருக்கிறது. 1994இல் சிங்கப்பூரிலும் 1996இல் பாங்காக்கிலும் குறுங்கதைக்கென்றே அனைத்துலக மாநாடுகள் கூடின. இவற்றைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அன்றாட வேலை நடந்தது நாளிதழின் இலக்கிய இணைப்பில். தாய்லாந்திலோ பிலிப்பைன்ஸிலோ சீனப் புத்தகச் சந்தை மிகச் சிறியது. நாவல் போட்டால் கைக்காசுதான் போகும். பத்திரிகையில் கிடைக்கும் இடத்துக்குள் அடங்குகிற குறுங்கதையும் சிறுகவிதையும் அங்கே செழித்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாங்காக்கில் 2006இல் கூடிய கவிஞர் குழு ஒன்று ஆறு வரிக்குள் கவிதை என்று வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் தொகுப்பு போட்டது. இதையெல்லாம் 'பெரிய நாவல் ஏன் வரவில்லை' என்ற கேள்வியோடு அணுகினால் ஒன்றும் பிடிபடாது.

பெயர்களில் கவனம் தேவை. ஒரே குடும்பப் பெயர் சீனக் கிளைமொழியான ஹொக்கியனில் 'டான்', பொதுச்சீனமான மாண்டரினில் 'சென்'. தாய்லாந்து எழுத்தாளருக்குத் தாய்ப் பெயரும் இருக்கும், புனைபெயரும் இருக்கும். ஒரே ஆளை இருவராக எழுதிவிடாமல் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, தமிழர்கள் செய்யக்கூடிய ஒரு ஒப்பீடு. மலேசியாவில் தேசிய இலக்கியவாதி விருது மலாய் எழுத்துக்கு உரியது. சீன எழுத்தும் தமிழ் எழுத்தும் அதற்கு வெளியே ஒன்றாகத்தான் நிற்கின்றன. இந்த ஒற்றுமை உண்மை. அதைச் சொல்லிவிட்டு 'அவர்களுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியவில்லை' என்று கேட்பதுதான் பிழை. சீனர்களுக்கு அங்கே சமூகமே நடத்தும் சுமார் 60 உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. தமிழ்ப் பள்ளிகள் ஆரம்பநிலையோடு நின்றுவிடுகின்றன. 1990களிலிருந்து ஹுவாசோங் இலக்கிய விருதைக் கொடுத்துவருவதே ஒரு சீன நாளிதழ் நிறுவனம்தான். ஒப்பிடுகிறவர் பள்ளியையும் பத்திரிகையையும் முதலில் கணக்கில் எடுக்கட்டும், படைப்புகளை அப்புறம் எடைபோடலாம்.