புக்கிட் பிரவுன் கல்லறைகளை எப்படிப் பாக்கறது? சீனம் தெரியாதவங்களுக்கு

சிங்கப்பூர்ல இருக்கற பழைய சீனர் இடுகாடு புக்கிட் பிரவுன். அங்க போறேன்னு வீட்டுல சொன்னா முதல்ல வர்ற கேள்வி "சுடுகாட்டுல உனக்கென்ன வேலை"தான். சொல்லிட்டுப் போங்க. காலையில எட்டு மணி வாக்குல போயிட்டா வெயில் சாய்வா விழும், கல்லுல செதுக்கினதெல்லாம் நிழலோட எடுப்பா தெரியும், உச்சி வெயில்ல அதே கல்லு ஒண்ணுமே இல்லாத மாதிரி மொட்டையா நிக்கும். முழுக்கால் பேன்ட், மூடின ஷூ, கொசு மருந்து இல்லாம போகாதீங்க. கால்டிகாட் எம்ஆர்டி மெட்ரோ ஸ்டேஷன்ல எறங்கி நடக்கலாம் (புக்கிட் பிரவுன்னு பேர் வச்ச ஸ்டேஷனே ஒண்ணு இருக்கு, இன்னும் தொறக்கல, நீங்க தேடி அலையாதீங்க).

1922ல நகராட்சி தொறந்த சீனர் இடுகாடு, 1973ல மூடிட்டாங்க, சுமார் 1 லட்சம் கல்லறை இருந்துச்சு. இப்ப லோர்னி ஹைவே போற பாதையில கிடந்த நாலாயிரம் சொச்சத்தைத் தோண்டி எடுத்துட்டாங்க. மிச்சம் காட்டுக்குள்ள அப்படியே இருக்கு.

சரி, ஒரு கல்லறை முன்னாடி நிக்கறீங்க. உடனே போன எடுத்து குளோசப் எடுக்காதீங்க, நாலு எட்டு பின்னாடி வந்து மொத்த வடிவத்தைப் பாருங்க. பின்னால மேடு, ரெண்டு பக்கமும் கை வச்ச நாற்காலி மாதிரி வளைஞ்ச சுவர், முன்னால சமதளமா ஒரு முற்றம். முதுகுக்கு மலை, முன்னாடி திறந்த வெளி, இதுதான் ஃபெங்சுய், அதாவது சீன வாஸ்து கணக்கு. பக்கத்துலயே தனியா ஒரு குட்டிக் கல்லு தெரியும், அது பூமி தெய்வத்துக்கு. படையல் அதுக்கும் உண்டு, நம்மூர்ல எல்லைச்சாமிக்கு வைக்கற மாதிரி.

அடுத்து நடுவுல நிக்கற கல்லு. நடுவுல பெருசா செத்தவர் பேரு, மேல பெரும்பாலும் சீனாவுல அவங்க சொந்த ஊரு, ஓரத்துல பிள்ளைங்க பேரும் தேதியும். எழுத்து சிவப்பா இருந்தா பொதுவா கல்லு நடும்போது அந்த ஆளு உயிரோட இருந்தார்னு அர்த்தம், கணவருக்குப் பக்கத்துல மனைவி எடம் போட்டு வச்சிருப்பாங்க. ஆனா சாயம் மங்கிப்போன கல்லுதான் நிறைய, அதனால சிவப்பை மட்டும் நம்பி முடிவு கட்டாதீங்க.

வருஷம் படிக்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை, பத்து நிமிஷத்துல கத்துக்கலாம். ஒரு கோடு ஒண்ணு, ரெண்டு கோடு ரெண்டு, மூணு கோடு மூணு, கூட்டல் குறி மாதிரி இருந்தா பத்து. மேலருந்து கீழ ரெண்டு கோடு, கூட்டல், மூணு கோடுன்னு வந்தா 23. சீனக் குடியரசு ஆண்டா (1912ஐ முதல் வருஷமா வச்ச கணக்கு) இருந்தா அதோட 1911 கூட்டுங்க, 1934. சில கல்லுல 2602, 2603ன்னு இருக்கும், யாரும் எதிர்காலத்துல சாகல, அது ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல போட்ட ஜப்பானிய ஆண்டு, 660 கழிச்சா 1942, 1943. எழுத்து தேஞ்சிருந்தா சுண்ணாம்போ மாவோ பூசாதீங்க, போன் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சாலே போதும்.

சிங்கம் ஜோடியா இருந்தா காலடியைப் பாருங்க, பந்து வச்சிருக்கறது ஆண், குட்டி வச்சிருக்கறது பெண். கொக்கு, மான், பைன் மரம், பீச் பழம் எல்லாமே நீண்ட ஆயுள்தான், செத்தவருக்கு எதுக்குன்னு கேக்காதீங்க, அது பிள்ளைங்களுக்கும் சேத்து.

நம்ம கண்ணுக்கு விசேஷமா படறது சீக்கியக் காவலர் சிலை. தலைப்பாகை மடிப்பு, தாடி, சட்டைப் பட்டன், பெல்ட், கையில துப்பாக்கி, ஒண்ணு விடாம செதுக்கியிருப்பாங்க, சிலதுக்கு பெயின்ட்டும் அடிச்சிருக்கும். அந்தக் காலத்துல பேங்க், கிடங்கு வாசல்ல சீக்கியர்தான் காவல் பாத்தாங்க, பணக்காரர் சாவுக்கப்புறமும் அதே காவலை வாசல்ல நிக்க வச்சுட்டார். நம்ம நடுகல்லுல செத்த வீரனே ஆயுதத்தோட நிப்பான், இங்க செத்தவர் வெறும் பேரா இருக்கார், ஆயுதம் காவக்காரன் கையில. காசு எவ்வளவு இருந்துச்சுன்னு சொல்ற சின்னம் இதுன்னுதான் நான் நினைக்கறேன், பக்தி ரெண்டாவது.

பூப்போட்ட டைல்ஸ் பாத்தா இது சிங்கப்பூர் ஜூ சியாட் பகுதி வீட்டுச் சுவராச்சேன்னு தோணும், சரிதான், பெரனாக்கான் (உள்ளூர்ப் பழக்கவழக்கத்தோட கலந்துபோன சீன வம்சாவளி) வீடுகளுக்கு ஐரோப்பாவுலருந்தும் ஜப்பான்லருந்தும் வந்த அதே மாதிரி டைல்ஸ். பேந்து கிடந்தாலும் எடுத்துட்டு வராதீங்க.

ஒண்ணே ஒண்ணுதான் பாக்க நேரம்னா ஓங் சாம் லியோங் கல்லறைக்குப் போங்க. கிறிஸ்மஸ் தீவு பாஸ்பேட் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பிச் சம்பாதிச்சவர், அங்க இருக்கறதுலயே பெரிய கல்லறை. பெத்தவங்களுக்கு உருகின பிள்ளைங்களோட 24 கதை செதுக்கியிருக்கு. அந்த 24ல ஒருத்தன் சித்தியோட மீன் ஆசைக்காக உறைஞ்ச ஆத்துல வெறும் உடம்போட படுத்து பனியை உருக்குவான், ஒரு மருமக பல்லு போன மாமியாருக்குத் தாய்ப்பால் குடுப்பா. எது எதுன்னு நீங்களே கண்டுபிடிங்க, கைட் புஸ்தகம் அப்புறம் திறங்க.

மேட்டு மேல ஏறாதீங்க, படையல் தட்டைத் தாண்டாதீங்க. ஏப்ரல்ல சிங் மிங் (சீனர்கள் முன்னோர் கல்லறைக்கு வந்து படைக்கற நாள்) சமயம் குடும்பங்க வருவாங்க, கல்லு வச்சு அழுத்தின கலர் காகிதம் இருந்தா பிள்ளைங்க வந்துட்டுப் போயிருக்காங்கன்னு அர்த்தம், அதைத் தொடாதீங்க. ஒப்பிட்டுப் பாக்க ஆசைன்னா இன்னொரு நாள் கம்போங் கிளாம் பக்கத்துல ஜாலான் குபோர் முஸ்லிம் இடுகாட்டுக்குப் போங்க, அங்க மலாய்க் கல்லறைக் கல்லு உருண்டையா இருந்தா பொதுவா ஆண், தட்டையா இருந்தா பெண்.