மெட்டல் பாடினால் தொண்டை எரிகிறதா?

கோவை, ஈரோடு பக்கம் காலேஜ் பேண்டில் மெட்டல் என்கிற அதிரடி ராக் இசை பாடுகிற தம்பி, தங்கைகளே, அதில் வரும் குரோல், அதாவது உறுமல் மாதிரியான கரகரத்த குரல், கத்துவது இல்லைங்க. சரியாகச் செய்தால் சாதாரணப் பேச்சை விடக் கொஞ்சம்தான் சத்தம் கூடும். மீதியை மைக் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் கரகரப்பு பெரும்பாலும் குரல்நாண்களுக்குச் சற்று மேலே இருக்கும் பொய்க் குரல்நாண்கள் அதிர்வதால் வருகிறது. அதைப் பிடிக்க, முதலில் நிதானமாக ஒரு பெருமூச்சு விடுங்கள். அடுத்த பெருமூச்சில், அரிசி மூட்டையைத் தூக்கும்போது தானாக வருமே ஒரு முனகல், அதை லேசாகச் சேருங்கள். தொண்டைக்குள் ஒரு நடுக்கம் தெரியும். அதுதான் இடம். வலிக்கவே கூடாது. எரிச்சலோ இருமலோ வந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

மூச்சு இழுக்கும்போது தோள் ஏறக்கூடாது, விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். பிரபல மெட்டல் பாடகர் ரோனி ஜேம்ஸ் டியோ சின்ன வயதில் டிரம்பெட் வாசித்தவர். தன் மூச்சுக் கட்டுப்பாடு அதிலிருந்து வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

பாடுவதற்கு முன் உதட்டைத் தளர்த்தி 'ப்ர்ர்' என்று மேலும் கீழுமாக ஸ்வரம் ஏற்றி இறக்குங்கள், 5 நிமிடம் போதும். ஆடிக் காற்றில் தூசி பறக்கிற நாட்களில் மொட்டை மாடி பிராக்டீஸ் வேண்டாம். அப்புறம், மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள்: வரிகள் புரியாது, ஸ்பீக்கரும் கீச்சிடும்.

குரல் கம்மல் 2 வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.