பூட்டிக் கிடந்த வீட்டில் மெயினைப் போடுவதற்கு முன்

வெளிநாட்டிலிருந்து வேலூருக்கு வந்து, காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ பிடித்து வீட்டுப் பூட்டைத் திறந்ததும், கை தானாக சுவிட்சுக்குத்தான் போகும். வெளியே வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டிக் கொளுத்துகிறது. உள்ளே மூன்று வருடம் அடைந்து கிடந்த காற்று. ஃபேன் சுற்றினால் போதும் என்றிருக்கும். அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பையிலேயே வைத்திருங்கள்.

நான் இருபது வருடமாக பர்மிங்காமில் இருக்கிறேன். அங்கே ஆளைக் கூப்பிட்டால் ஆகும் செலவுக்குப் பயந்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டவன். குழாய், பிளக், பெயின்ட் எல்லாம் நானேதான். இந்தத் தைரியத்தோடு ஊருக்கு வருகிறவர்கள்தான் அடி வாங்குகிறார்கள். வேலை தெரியாதவன் பேசாமல் எலக்ட்ரீஷியனுக்கு போன் போட்டுவிடுவான். நமக்குத்தான் ஸ்க்ரூடிரைவரை எடுக்கத் தோன்றும்.

முதல் வம்பு ஒயரின் நிறத்தில். நம் ஊரில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் ஃபேஸ், அதாவது கரண்ட் வருகிற ஒயர். கறுப்பு நியூட்ரல், அது திரும்பிப் போகிற ஒயர். பச்சை எர்த். பிரிட்டனிலும் முன்பு இப்படித்தான் இருந்தது. 2004-ல் மாற்றத் தொடங்கி, 2006-க்குப் பிறகு புது வேலை எல்லாம் ஐரோப்பிய நிறம் ஆகிவிட்டது. இப்போது அங்கே நீலம்தான் நியூட்ரல். த்ரீ ஃபேஸ் வாங்கிய வேலூர் வீட்டில் நீலம் கரண்ட் ஓடுகிற ஒயர். கனடா, அமெரிக்காக்காரர்களுக்கு வேறு கதை: அங்கே கறுப்பில் கரண்ட், வெள்ளை நியூட்ரல். அந்தப் பழக்கத்தில் இங்கே கறுப்பைக் கொண்டுபோய் சுவிட்சில் மாட்டினால் விளக்கு ஒழுங்காகத்தான் எரியும். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் ஹோல்டரில் கரண்ட் இருக்கும். பல்பு மாற்றுகிற அன்றைக்குத்தான் தெரியவரும்.

இதெல்லாம் சட்டப்படி. நடைமுறையில், அன்றைக்குப் பையில் எந்தச் சுருள் மிச்சம் இருந்ததோ அதை இழுத்துவிட்டுப் போயிருப்பார்கள். எங்கள் ஹாலில் மஞ்சள் ஒயர் நியூட்ரலாக ஓடுகிறது. நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு முறையும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். அந்த டெஸ்டரையும் முதலில் கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த பிளக்கில் வைத்து, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது என் சொந்தக் கதை. போன தடவை ஹாலில் ரெகுலேட்டர் மாற்ற சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். மெயினை ஆஃப் பண்ணியாயிற்று, மீட்டர் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்போதுதான் கழுவிவிட்ட மொசைக் தரை, வெறுங்கால். திருகாணியில் விரல் பட்டதும் தோள்பட்டை வரை இழுத்தது. சுவரில் போய் மோதி உட்கார்ந்தேன். நான் இல்லாத சமயத்தில் தம்பி ஒரு இன்வெர்ட்டரை மாடிப்படிக்கு அடியில் வைத்திருக்கிறான். மெயினை அணைத்த நொடியே அது வேலை செய்யத் தொடங்கிவிட்டது. சாயங்காலம் வந்த எலக்ட்ரீஷியன் சிரிக்கக்கூட இல்லை. “மெயின ஆஃப் பண்ணா இன்வெர்ட்டர் ஆன் ஆவும்ணா. உங்க வூட்ல இப்ப ரெண்டு மெயின் இருக்கு” என்றார்.

ஆகவே வீட்டுக்குள் போனதும் முதலில் இன்வெர்ட்டரைத் தேடுங்கள். படிக்கட்டுக்கு அடியில், லாஃப்ட்டில், பூஜை அறைக்குப் பின்னால் என்று எங்கேயும் இருக்கும். போர்டைத் திறப்பதற்கு முன் மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைக்க வேண்டும். காலில் ரப்பர் செருப்பு இருக்கட்டும். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா கேட்டால் கேட்கட்டும்.

30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறதா என்று மெயின் போர்டில் பாருங்கள். உடம்பு வழியாகக் கரண்ட் கசிந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும் சுவிட்ச் அது. மேலே ‘டெஸ்ட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். பழைய வீடுகளில் இந்த சுவிட்சே பெரும்பாலும் இருக்காது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் அதற்குச் செய்யுங்கள். இன்வெர்ட்டர் லைனுக்கும் அது பாதுகாப்புத் தருகிறதா என்று போடுகிறவரிடம் கேட்டு வாங்குங்கள். பல வீடுகளில் அந்த லைன் மட்டும் இந்த சுவிட்சைத் தொடாமல் தனியாகச் சுற்றிப் போகும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

பழைய வீட்டின் ஒயரிங்கைப் பார்த்தாலே குடும்ப வரலாறு தெரியும். எங்கள் வீட்டில் அப்பா கட்டிய ஹாலில் ரீப்பர் கட்டையில் ஆணி அடித்து ஓட்டிய ஒயர். பின்னால் சேர்த்த அறையில் பி.வி.சி. பைப், தம்பியின் ஏ.சி. அறையில் சுவருக்குள் புதைத்த லைன். பழைய ஆட்கள் இன்னும் ‘மூணு இருபது, ஏழு இருபது’ என்று இழை, கேஜ் கணக்கில்தான் ஒயரைக் கேட்பார்கள். இப்போது கடையில் சதுர மில்லிமீட்டர் கணக்கு: லைட், ஃபேனுக்கு 1 அல்லது 1.5, பெரிய பிளக்குக்கு 2.5, ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4. ரீப்பர் லைனில் ஏ.சி.யோ கீசரோ மாட்டாதீர்கள். லோடு ஏறினால் தானாக விழும் எம்.சி.பி. சுவிட்ச் அடிக்கடி விழுகிறது என்று 16 ஆம்ப் இருந்த இடத்தில் 32 போடுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. ஒயரைக் காப்பாற்ற வைத்தது எம்.சி.பி. அதைப் பெரிதாக்கினால் விழுவது நிற்கும், சூடாவது ஒயர். பழைய அலுமினிய ஒயரோடு காப்பரை முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட் கண்ணில் பட்டால் அதையும் எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

மெயினைப் போடுவதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு பிளக் ஓட்டையையும் பாருங்கள். பூட்டிய வீட்டில் குளவிக்கு 16 ஆம்ப் சாக்கெட்டைப் போல வாகான இடம் கிடையாது. மூன்று ஓட்டையையும் மண் வைத்துப் பூசி, உள்ளே புழுவைத் தேடிக் கொண்டுவந்து அடைத்திருக்கும். கொண்டை ஊசியால் நோண்டுவதும், பிளக்கை வைத்து அழுத்துவதும் வேண்டாம். கரண்டை நிறுத்திவிட்டு சாக்கெட்டைக் கழற்றி மாற்றுவதே சுலபம். எம்.சி.பி. பெட்டிக்குள் காய்ந்த பல்லியும், மோட்டார் ஒயரில் அணில் கடித்த தழும்பும் அனேகமாக இருக்கும். ரீப்பரை விரலால் தட்டிப் பாருங்கள். கரையான் தின்ற கட்டை பொத்தென்று சத்தம் தரும்.

கொல்லைப்புறத்து எர்த் குழியை யாரும் நினைப்பதே இல்லை. கரியும் உப்பும் போட்டுப் புதைத்த பைப்பைச் சுற்றி மண் ஈரமாக இருந்தால்தான் அது வேலை செய்யும். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அந்த மண் சல்லி மாதிரி காய்ந்து கிடக்கும். வந்த அன்றைக்கே இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியன் மூலம் சோதித்துக்கொள்ளுங்கள். பல்பு வைத்து நீங்களே பார்க்க வேண்டாம்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் திடீரென்று ஒரு அறை விளக்கு பளீரென்றும் இன்னொரு அறை விளக்கு மங்கலாகவும் எரிந்தால், நியூட்ரல் கட் ஆகியிருக்கலாம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 400 வரை ஏறும். உடனே மெயினை அணைத்துவிடுங்கள், மற்றது பிறகு. மீட்டருக்கு முன்னால் இருக்கும் கட்-அவுட், கம்பம் எல்லாம் ஈபிக்காரர் வேலை. பக்கத்து வீட்டுப் பையன் குச்சியால் தட்டிச் சரிசெய்கிறேன் என்றாலும் விடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. கூப்பிடும்போது சர்வீஸ் நம்பர் கேட்பார்கள். அது மீட்டர் கணக்கு எழுதும் வெள்ளை அட்டையில் இருக்கும். எங்கள் அட்டையில் இன்னும் வட ஆற்காடு மாவட்டம் என்றுதான் இருக்கிறது. 1989-ல் திருவண்ணாமலை பிரிந்து, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்து, அட்டை மட்டும் அப்படியே.

நீங்களே தாராளமாகச் செய்யக்கூடிய வேலை ஃபேன் கண்டென்சர் மாற்றுவது. ஃபேன் அஞ்சில் வைத்தாலும் ஊர்ந்தால், குச்சியால் தள்ளிவிட்டால்தான் சுற்றினால், பத்துக்கு எட்டு முறை அதுதான் காரணம். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டு, மேல் கப்பைக் கீழே இறக்கினால் கட்டைவிரல் அளவு டப்பா ஒன்று தெரியும். மேலே பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாரட் என்று எழுதியிருக்கும். அதற்குள் கரண்ட் தங்கியிருக்கலாம். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரால் இரண்டு முனையையும் ஒரு முறை சேர்த்துத் தொட்டுவிடுங்கள். எந்த ஒயர் எங்கே என்று போனில் படம் எடுத்துக்கொண்டு, பழசைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அதே அளவு வாங்குங்கள். இதற்கு லாங்கு பஜார் நெரிசலில் போய் மாட்ட வேண்டியதில்லை, தெருமுனை ஹார்டுவேர் கடையிலேயே கிடைக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

பிறகு தண்ணீர். தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று வேலூரைக் கேலி செய்வார்கள். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. மிச்ச நாளெல்லாம் போர் தண்ணீர்தான், அதில் உப்பு. குழாய் முனையில் வெள்ளையாகப் படிந்திருப்பதை வினிகரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் கரையும். சொட்டுகிற குழாய்க்கு வாஷர், மரைக்கு டெஃப்லான் டேப், இவ்வளவுதான். கீசரைத் தண்ணீர் நிரம்பாமல் போட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் ஹீட்டிங் காயில் எரிந்துவிடும். பல மாதம் ஓடாத போர் மோட்டாரைப் போட்டதும் உறுமிக்கொண்டே நின்றால் உடனே அணையுங்கள். உள்ளே ஜாம் ஆகியிருக்கலாம், ஸ்டார்ட்டர் பெட்டியில் கண்டென்சர் போயிருக்கலாம். அதற்கு மேல் மோட்டார் மெக்கானிக் பாடு. வெள்ளத்தில் முங்கிய வீடாக இருந்தால் அந்த மட்டத்தில் உள்ள பிளக், சுவிட்ச் அத்தனையையும் காயவைக்கப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

மெத்தைக்கு, அதாவது மொட்டை மாடிக்கு, ஏறுங்கள். ஓட்டு இடுக்கில் ஒரு விரல் உயரம் அரசஞ்செடி நின்றாலும் வேர் உத்தரத்தைத் தேடிப் போயிருக்கும். மேலே கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். மேஸ்திரியை வைத்து வேரோடு எடுத்துப் பூச வேண்டும். ஆடியில் ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், புது வேலை தொடங்க மாட்டார்கள் என்பதால் ரிப்பேருக்கு மேஸ்திரி கிடைப்பார். ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிடலாம். நாள் கூலியா, மொத்தமாகவா என்று முதலிலேயே பேசி, சாமானை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வேலையைப் பயணத்தின் முதல் வாரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ளைட்டுக்கு முதல் நாள் சுவரை உடைத்துப் போட்டுவிட்டு நாளைக்கு வருகிறேன் என்று போனவரை எங்கே போய்த் தேடுவீர்கள்?

கிளம்பும் அன்று டேங்க் வால்வை மூடி, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, எல்லா பிளக் ஓட்டையிலும் குழந்தைகளுக்காக விற்கிற பிளாஸ்டிக் மூடியைச் சொருகிவிடுங்கள். குளவிக்கும் அதுதான். எதிர்வீட்டு அக்காவிடம் சாவியோடு எலக்ட்ரீஷியன் நம்பரையும் கொடுத்து, எது மெயின், எது இன்வெர்ட்டர் சுவிட்ச் என்று ஒரு முறை கூட்டிப் போய்க் காட்டிவிடுங்கள். ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவு மூடிக்கொள்ளாதபடி ஒரு துணியை மடித்து வைத்துவிட்டுப் பூட்டுங்கள்.