கோடைக் காய் பஜ்ஜி: எல்லாம் தண்ணீர்க் கணக்குதான்

சேலத்து வெயிலில் மதியம் மூன்று மணிக்கு அடுப்பு முன்னால் நிற்க யாருக்கும் மனசு வராது. ஆனால் நாலு மணிக்கு டீ போட்டதும், "கூட ஏதாவது இருக்கா?" என்று ஒரு குரல் வந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் எங்கள் வீட்டில் அந்தக் குரலுக்குப் பதில் பஜ்ஜிதான்.

வாழைக்காய் பஜ்ஜி யாருக்கும் ஓரளவு வந்துவிடும். சிக்கல், கோடையில் மலிவாகக் குவியும் பீர்க்கங்காய், சௌசௌ, கத்திரிக்காய் போன்ற காய்களில்தான். நான் முதன்முதலில் போட்ட பீர்க்கங்காய் பஜ்ஜி எடுத்த எடுப்பில் மொறுமொறுவென்றுதான் இருந்தது. தட்டில் வைத்து, டீ வடிகட்டித் திரும்புவதற்குள் நனைந்த துணி மாதிரி தொங்கிப்போனது. ஏற்காட்டு மலையில் இருக்கும் நாகலூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, "காயை நறுக்கிட்டுக் கழுவுனியா கண்ணு?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், அதைத்தான் செய்திருந்தேன். அன்றைக்குப் புரிந்தது: பஜ்ஜியில் எல்லாமே தண்ணீர்க் கணக்குதான். காயில் எவ்வளவு, மாவில் எவ்வளவு, பொரித்தபின் ஆவி எந்தப் பக்கம் போகிறது. இந்த மூன்றும் சரியாக இருந்தால் மீதி தானாக வரும்.

காய்

காலையில் சூரமங்கலம் உழவர் சந்தைக்குப் போனால் நான் எடுப்பது இவை: இளம் பீர்க்கங்காய் ஒன்று, வாழைக்காய் ஒன்று, பெரிய வெங்காயம் இரண்டு, பஜ்ஜி மிளகாய் ஆறு. சௌசௌ நன்றாக இருந்தால் அதுவும் ஒன்று. நம்மில் பலர் பெங்களூர் கத்திரிக்காய் என்று சொல்லும் அதே காய்தான், ஏற்காட்டு மலையிலும் விளைகிறது. நாலு பேருக்கு இவ்வளவு தாராளம். பீர்க்கங்காய் முற்றியிருந்தால் விட்டுவிடுங்கள், நார்தான் பல்லில் மாட்டும்.

எல்லாவற்றையும் முழுசாக இருக்கும்போதே கழுவித் துடைத்துவிடுங்கள். நறுக்கிய பிறகு தண்ணீர் காட்டவே கூடாது. பீர்க்கங்காயின் வரிகளை மட்டும் சீவி எடுத்துவிட்டு, ஒரு பென்சில் கனத்துக்குக் கொஞ்சம் குறைவாக வட்டமாக நறுக்குங்கள். அதைவிட மெல்லிசாக இருந்தால் உள்ளே காயே தெரியாது, தடிமனாக இருந்தால் உள்ளே வேகாது. வாழைக்காயும் சௌசௌவும் இன்னும் மெல்லிசாக, 3 மில்லிமீட்டர் போதும். வாழைக்காய் கறுக்கும் என்பதால் அதைக் கடைசியாக நறுக்கலாம். கறுத்தாலும் ருசி போகாது, கவலை வேண்டாம்.

இப்போது முக்கியமான வேலை. பீர்க்கங்காய், சௌசௌ வில்லைகள் மேல் இரண்டு சிட்டிகை உப்பைத் தூவிப் பத்து நிமிடம் ஒரு தட்டில் பரப்பி வையுங்கள். உப்பு காயிலிருந்து தண்ணீரை வெளியே இழுக்கும், தட்டைச் சாய்த்தால் ஓடும் அளவுக்கு. சுத்தமான பருத்தித் துணியால் இரண்டு பக்கமும் ஒற்றி எடுங்கள், பிழிய வேண்டாம். உப்பு ஏற்கெனவே சேர்ந்துவிட்டதால் மாவில் உப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். இதை மறந்து ஒருமுறை நான் உப்புக்கரிக்கப் போட்டிருக்கிறேன்.

மிளகாயை நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கீறி, விதையை எடுத்துவிடுங்கள். கீறாமல் முழுசாகப் போட்டால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். கெட்டியான புளிக்கரைசலில் உப்பும் ஓமமும் குழைத்து உள்ளே தடவினால் காரம் அடங்கும்.

மாவு

200 மில்லி பிடிக்கும் டம்ளரால் ஒரு டம்ளர் கடலை மாவு, இரண்டு மேஜைக்கரண்டி அரிசி மாவு, ஒரு டீஸ்பூன் மிளகாய்த்தூள், அரை டீஸ்பூன் உப்பு, இரண்டு சிட்டிகை பெருங்காயம். அரை டீஸ்பூன் ஓமத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போடுங்கள். கடலை மாவைச் சலிக்காமல் போட்டால் கட்டி தட்டும். ஐந்து நிமிடச் சோம்பேறித்தனத்துக்கு அரை மணி நேரம் கட்டி உடைக்க வேண்டியிருக்கும்.

மொறுமொறுப்பு தருவது அரிசி மாவு. கடலை மாவு மட்டும் போட்டால் மேல் உறை மெத்தென்று இருக்கும். அரிசி மாவு கூடினால் கடக்கென்று கல் மாதிரி ஆகிவிடும், அதனால் இரண்டு கரண்டிக்கு மேல் வேண்டாம். ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட முடியாது: ஒரு கரண்டி அரிசி மாவுக்குப் பதிலாக, ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாக அரைத்துச் சலித்து ஒரு கரண்டி போட்டுப் பாருங்கள். அது முழுக்க மரவள்ளி மாவுச்சத்துதான், உறை கண்ணாடி மாதிரி உடையும். சலிக்காமல் குருணையாகப் போட்டால் மட்டும் எண்ணெயில் வெடிக்கும்.

ஆப்ப சோடா ஒரு சிட்டிகை. அதாவது இரண்டு விரலில் எடுப்பது, டீஸ்பூனில் எடுப்பது இல்லை. கூடினால் பஜ்ஜி சிவந்து, சோப்பு வாடை அடித்து, எண்ணெயைக் குடிக்கும்.

தண்ணீரை அரை டம்ளரில் தொடங்கி, முக்கால் டம்ளர் வரை கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பதம் தோசை மாவைவிடக் கெட்டி, இட்லி மாவைவிட ஒரு மடங்கு தளர்வு. விரலை முக்கி எடுத்தால் நகம் தெரியாமல் மூட வேண்டும், ஒன்றிரண்டு சொட்டு சொட்டியதும் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால் தண்ணீர் அதிகம், ஒரு கரண்டி கடலை மாவு சேருங்கள்.

ஐஸ் தண்ணீர் விட வேண்டும், மாவைக் கலக்கவே கூடாது என்று வீடியோக்களில் சொல்வார்கள். அது டெம்புரா என்ற ஜப்பானியர்களின் பஜ்ஜிக்கான விதி. அவர்கள் கோதுமை மாவில் செய்வதால், அதிகம் கலக்கினால் பசைத்தன்மை வந்து உறை இறுகிவிடும். கடலை மாவில் அந்தப் பசைப் புரதம் கிடையாது. அதனால் நாம் தயங்காமல் ஒரு நிமிடம் நன்றாக அடித்துக் கலக்கலாம். உள்ளே காற்று ஏறி மாவு லேசாகும். அடுப்பில் எண்ணெய் காய்ந்ததும் அதிலிருந்து இரண்டு டீஸ்பூன் எடுத்து மாவில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள்.

எண்ணெய்

எங்கள் வீட்டில் கடலை எண்ணெய். வாணலியில் பாதிக்கு மேல் ஊற்ற வேண்டாம், பஜ்ஜி போட்டதும் பொங்கும். சூடு 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் இருந்தால் சரி. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சொட்டு மாவை விடுங்கள். அடியில் போய், இரண்டு மூன்று நொடியில் மேலே வர வேண்டும். அடியிலேயே கிடந்தால் இன்னும் காயவில்லை. அடிக்கே போகாமல் மேலேயே கறுத்தால் அதிகம் காய்ந்துவிட்டது, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் பொறுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். கேஸை மூடி, வாணலியை மூடும் அளவுள்ள தட்டால் மூடுங்கள். அந்தத் தட்டை முன்கூட்டியே பக்கத்தில் வைத்திருப்பது நல்லது.

பொரிப்பது

ஒற்றி வைத்த வில்லையை முதலில் உலர்ந்த அரிசி மாவில் ஒரு புரட்டு புரட்டி, தட்டி உதறிவிட்டு மாவில் முக்குங்கள். அந்த உலர்ந்த மாவு காயில் மிச்சமிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், மேல் உறையும் கழன்று ஓடாது. வழுவழுப்பான பீர்க்கங்காய்க்கு இது இல்லாமல் நடக்காது. வாழைக்காய்க்குத் தேவையில்லை.

பாத்திர விளிம்பில் அதிக மாவை வழித்துவிட்டு, எண்ணெய் மேல் கையைக் கிட்டே கொண்டுபோய் மெல்ல நழுவ விடுங்கள். பயந்துகொண்டு தூரத்திலிருந்து போட்டால்தான் தெறிக்கும். ஒரு தடவைக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், கூட்டம் கூடினால் எண்ணெய் சூடு இறங்கிவிடும். முதல் அரை நிமிடம் தொடக்கூடாது. பிறகு திருப்பி விட்டு, மொத்தம் மூன்று நிமிடம். சத்தத்தைக் கவனியுங்கள்: முதலில் சடசடவென்று பெரிதாக வரும், ஈரம் வற்ற வற்ற அடங்கும். சத்தம் நன்றாக அடங்கிய பிறகுதான் எடுக்க வேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் நிறத்தை மட்டும் பார்த்து எடுத்துவிடுகிறார்கள், அதனால்தான் அது பத்து நிமிடத்தில் தொங்கிவிடுகிறது.

எடுத்ததைக் காகிதத்தில் அடுக்காதீர்கள். அடிப்பக்கம் ஆவி வெளியேற வழியில்லாமல் அதே தண்ணீரில் ஊறும். செய்தித்தாளில் வைப்பது இன்னும் மோசம், மை ஒட்டும். உணவைப் பொதியச் செய்தித்தாளைப் பயன்படுத்தக் கூடாது என்று 2018ஆம் ஆண்டின் உணவுப் பொதியல் விதிகளே சொல்கின்றன. கம்பி வலை இருந்தால் அதன்மேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்புங்கள். இல்லையென்றால் மாவு சலிக்கும் சல்லடையைக் கவிழ்த்து வைத்தாலும் போதும்.

விருந்தாளி வரும் நாளில் நான் செய்வது வேறு. கொஞ்சம் குறைந்த சூட்டில் இரண்டு நிமிடம் பொரித்து, வெளுப்பாக இருக்கும்போதே எடுத்து ஆறவிடுவேன். அவர்கள் உட்கார்ந்ததும் நல்ல சூட்டில் மறுபடி ஒரு நிமிடம். ஆறும்போது உள்ளேயிருக்கும் ஈரம் உறைக்கு வரும், இரண்டாம் முறை அது ஆவியாகிப் போய்விடும். சாலையோரக் கடைகளில் ஏன் இவ்வளவு சீக்கிரம் சுடச்சுட வருகிறது என்று வியந்திருந்தால், விஷயம் இதுதான்.

தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னி வழக்கம். எனக்கு, எங்கள் ஊர்த் தட்டுவடை செட்டுக்கு (இரண்டு தட்டைக்கு நடுவில் காய்த்துருவலும் சட்னியும் வைப்பது) வைக்கும் காரச் சட்னிதான்.

ஏற்காட்டில் செய்தால்

பெரியம்மா வீட்டில் இதே அளவில் நான் போட்டபோது மேலே சிவந்து, உள்ளே வாழைக்காய் நறுக்கென்று இருந்தது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். காய்க்குள் இருக்கும் ஈரமும் அந்தச் சூட்டைத் தாண்டாது, அதனால் உள்ளே மெல்ல வேகும். எண்ணெய்க்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை என்பதால் மேல்புறம் மட்டும் முந்திக்கொள்ளும். ஆகவே மலையில் எண்ணெய்ச் சூட்டை ஏழெட்டு டிகிரி குறைத்து, ஒரு நிமிடம் கூடுதலாக விடுங்கள். காயையும் இன்னும் கொஞ்சம் மெல்லிசாகச் சீவுங்கள். இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னபோது பெரியம்மா, "அதான் இங்க அடுப்ப எப்பவும் சிம்ல வெப்போம்" என்று சொல்லிவிட்டு, சல்லடையில் இருந்த கடைசி மிளகாய் பஜ்ஜியை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விட்டார்.