வழியில் தூங்கிவிடாதீர்கள்: இலங்கையில் மட்டுமே வாழும் உயிர்களைப் பார்க்க

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போகும் நம்மில் அநேகருடைய பயணம் ஒரே மாதிரித்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி, இரவோடிரவாக வான் வண்டியில் ஏறி, கண்விழிக்கும்போது கிளிநொச்சி தாண்டியிருக்கும். போகும்போது களைப்பு, சரி. திரும்பும்போதாவது பகலில் வாருங்கள். உலகில் வேறெங்கும் இல்லாத பறவைகளும் விலங்குகளும் நீங்கள் எப்படியும் போகப்போகிற பாதையிலேயே இருக்கின்றன.

யாழ்ப்பாணத்தில் வீட்டு வளவுத் தென்னையில் தட்டுகிற மரங்கொத்தியிலிருந்து தொடங்கலாம். அதன் முதுகு பொன்மஞ்சள். அந்த இனம் இந்தியாவிலும் உண்டு. யாழ்ப்பாணம்–கண்டி நெடுஞ்சாலையான ஏ9 வழியாகத் தெற்கே இறங்கி, கண்டிப் பக்கம் போய் ஒரு மரங்கொத்தியைப் பாருங்கள். முதுகு நல்ல சிவப்பாக இருக்கும். அது இலங்கைக்கே உரிய தனி இனம். இரண்டும் சந்திக்கும் இடைப்பட்ட பகுதியில் கலந்து பிறந்த செம்மஞ்சள் முதுகுக்காரரும் இருக்கிறார்கள். பாடப்புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை, ஒருநாள் பயணத்தில் பிள்ளைகள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

யாழ்ப்பாணத்துக்குத் தெற்கே உள்ள வன்னியில் காடு வீதியை நெருங்கி வரும் இடங்களில், விடியற்காலையில் காட்டுக்கோழி வெளியே வரும். சேவலின் கழுத்தும் நெஞ்சும் செம்பொன், வாலில் கருநீலப் பளபளப்பு. கொண்டையைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்: ஓரம் சிவப்பு, நடுவில் மஞ்சள் திட்டு. இந்தியக் காட்டுச் சேவல்களுக்கு அந்த மஞ்சள் இல்லை. நாட்டின் தேசியப் பறவை இதுதான். வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிப் பாருங்கள். கதவைத் திறந்தால் பற்றைக்குள் ஓடிவிடும். பின்னாலேயே நீங்களும் இறங்கிப் போக வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடியாத இடங்கள் வடக்கில் இன்னும் இருக்கின்றன. எச்சரிக்கைப் பலகை கண்ட பக்கம் கால் வைக்கவே கூடாது.

தம்புள்ளை, பொலன்னறுவைப் பக்கம் தலையில் சுழி வைத்துச் சீவிவிட்டாற்போல் மயிர் உள்ள செம்பழுப்புக் குரங்கும் இந்தத் தீவுக்கே உரியது. பொலன்னறுவையில் 1968 முதல் ஆய்வாளர்கள் அதன் குடும்பங்களைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். தீனி மட்டும் கொடுக்காதீர்கள். இன்று பிஸ்கட் வாங்கிய குரங்கு நாளைக்கு ஒரு குழந்தையின் பையைப் பறிக்கும், அடி வாங்குவதும் அதுதான்.

நுவரெலியா போனால் சீத்தா எலியாவில் சீதையம்மன் கோயிலுக்குப் போகாத தமிழர் குறைவு. கும்பிட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிடுகிறோம். சற்றுத் தள்ளித்தான் ஹக்கல தாவரவியல் பூங்கா. என்னைக் கேட்டால், ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் உண்டு என்றால் அங்கே போங்கள். ஊதாமுக மந்தி அங்கே உயர்ந்த மரங்களில் இருக்கும். குளிர் மலையில் வாழ்வதால் கரடி போல அடர்ந்த மயிர், கறுத்த முகத்தின் இருபுறமும் வெளிர்நிறத் தாடி. கனைப்பும் குரைப்புமாக அது போடும் சத்தம் மந்தியைக் காணும் முன்பே உங்கள் காதுக்கு வந்துவிடும். வன்னியில் காணும் சாம்பல் மந்தி வேறு, அது இந்தியாவிலும் உண்டு.

அதே பூங்காவில் பாசி பிடித்த அடிமரங்களை மெதுவாகப் பார்த்துக்கொண்டு நடங்கள். மூக்கு நுனியில் வெண்மையான கூர்க்கொம்புள்ள ஓணான் ஒன்று அசையாமல் ஒட்டியிருக்கலாம். ஆணுக்குத்தான் நீண்ட கொம்பு. மூக்கில் இப்படிக் கொம்போ முளையோ கொண்ட இந்த ஓணான் பேரினமே இலங்கையை விட்டால் உலகில் இல்லை. ஓரடி தள்ளி நின்று பாருங்கள். தொடவும் வேண்டாம், ஃபிளாஷ் போடவும் வேண்டாம்.

ஹோட்டன் சமவெளிக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு 'உலகமுடிவு' எனப்படும் செங்குத்துப் பள்ளத்தை அநேகமாகப் பனிமூட்டம் மூடிவிடும். நடை ஏறத்தாழ 9 கிலோமீட்டர், அதனால் சப்பாத்தும் குளிர்ச்சட்டையும் அவசியம். பொலித்தீன் பைகளை வாசலில் வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டுபோங்கள்.

சிங்கராஜ வனத்துக்கு ஒரு முழு நாள் வேண்டும். 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மழைக்காடு அது. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். காடு நெடுநேரம் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும், திடீரென்று பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகத் தலைக்கு மேலே கடந்துபோகும். நீல உடலும் செங்கபிலத் தலையுமான நீலக் காகத்தை அந்த நேரம் தேடுங்கள். ஈரமான ஓரங்களில் பூச்சியைப் பிடித்து உண்ணும் குடுவைச் செடியும் உண்டு. அதுவும் இலங்கைக்கே உரியது. அட்டை நிச்சயம் கடிக்கும். நீண்ட காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிக்கொள்ளுங்கள், ஏறிவிட்டால் பதறாமல் நகத்தால் தள்ளிவிடுங்கள்.

அப்புறம், ஒரு இலைக்கன்றோ ஓணானோ பெட்டிக்குள் வரக்கூடாது. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. பிடிபட்டால் வழக்குத்தான். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு அதிகம். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் தேசிய அடையாள அட்டையைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் சட்டைப்பையில் வைத்திருங்கள்.