வார்டிலிருந்து ஆம்புலன்ஸுக்கு வரும் நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் எங்கள் வண்டிக்கு இரண்டு பேர் பயிற்சிக்கு வந்தார்கள். இருவரும் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஐசியூவில் மூன்று நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு, இப்போது அவசர சிகிச்சையில் மேற்கொண்டு படிப்பவர்கள். ஊசி போடும் கை அருமை, மருந்துக் கணக்கும் சரியாக வருகிறது. ஆனால் வண்டியில் ஏறியதும், பதினொரு வருடம் முன்பு நான் செய்த தவறுகளை அப்படியே செய்தார்கள். கையுறை மறப்பது, ஷீட்டில் நேரம் எழுதாமல் விடுவது போன்றவை ஒரு வாரத்தில் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறேன்.

பெயரைப் பார்த்துப் படிப்பில் சேர்வது

இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டப்படி நடக்கும் எமர்ஜென்சி அண்ட் டிசாஸ்டர் நர்சிங் போஸ்ட் பேசிக் டிப்ளமோ ஓராண்டுப் படிப்பு. நல்ல படிப்புதான். ஆனால் நோயாளி மருத்துவமனை வாசலுக்கு வந்த பிறகு நடப்பதில்தான் அதன் கவனம் அதிகம். நீங்கள் போகப்போவது வாசலுக்கு முந்தைய வேலைக்கு. அதனால் சேருமுன் கல்லூரியில் நேராகக் கேளுங்கள்: ஆம்புலன்ஸில் எத்தனை மணி நேரம் ஏற்றுவீர்கள், ராத்திரி ஷிப்ட் உண்டா, கூட யார் வருவார்கள்? மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள். பி.எல்.எஸ். (அடிப்படை உயிர்காப்பு), ஏ.சி.எல்.எஸ். (மேம்பட்ட இதய உயிர்காப்பு) பயிற்சி அட்டைகள் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். அவற்றை வேலையில் சேரும் சமயத்தில் எடுத்தால் போதும்.

நர்சிங் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடுவது

விடாதீர்கள்.

ஆக்சிஜன் சுவரிலிருந்து வரும் என்று நினைப்பது

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு புதிய ஆளிடமும் இதைப் பார்க்கிறேன், ஒவ்வொரு முறையும் எனக்குக் கோபம் வருகிறது.

ஐசியூவில் ஃப்ளோமீட்டரை (ஆக்சிஜன் ஓடும் அளவைக் காட்டும் கருவி) சுவரில் செருகினால் ஆக்சிஜன் வரும். அது தீரும் என்ற நினைப்பே நமக்கு வருவதில்லை. நிமிடத்துக்கு 15 லிட்டர் வைக்கச் சொன்னால் 15 வைப்போம், அவ்வளவுதான். வண்டியில் இருப்பதோ பி டைப் சிலிண்டர். முழுதாக நிரம்பியிருந்தால் ஒன்றில் சுமார் 1,500 லிட்டர். 15 லிட்டர் வேகத்தில் அது 100 நிமிடம்.

நான் சேர்ந்த முதல் வருடம், வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஒரு நோயாளியை இறக்கினோம். தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் அம்மா, நிமோனியா. ஆக்சிஜன் இல்லாமல் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) 84 சதவீதம். பை வைத்த மாஸ்க்கில் 15 லிட்டர் வைத்ததும் 98க்கு வந்தது. எனக்கு நிம்மதி. சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் (முழுதாக நிரம்பியிருந்தால் 150) முள் 90ல் நின்றதைப் பார்த்தேன். பார்த்தேனே தவிர, கணக்குப் போடவில்லை. 64 கிலோமீட்டர், 40 கொண்டை ஊசி வளைவுகள், எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதை. வண்டியிலிருந்த இரண்டாவது சிலிண்டர் முந்தைய கேஸிலேயே தீர்ந்திருந்தது. ஷிப்ட் மாறும்போது நான் அதைத் திறந்து பார்க்கவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து பைலட் அண்ணன் (வண்டி ஓட்டுநர்) திரும்பாமலே கேட்டார்: "சிஸ்டர், முள்ளு எங்க நிக்குது?" பார்த்தேன், 30. அப்போதுதான் வயிற்றைக் கலக்கியது. அதே 15 லிட்டரில் ஆக்சிஜன் போனால் 20 நிமிடம். மாஸ்க்கை மாற்றி, சாதா மாஸ்க்கில் 6 லிட்டருக்குக் குறைத்தேன். பை வைத்த மாஸ்க்கில் அப்படிக் குறைத்தால் பை சுருங்கிவிடும், அதனால் மாஸ்க்கையே மாற்ற வேண்டும். சாச்சுரேஷன் 92ல் நின்றது. அண்ணன் கீழே போன் போட்டு, இன்னொரு வண்டியைச் சிலிண்டரோடு மேலே ஏறி வரச் சொன்னார். 9வது வளைவில் அந்த வண்டியைச் சந்தித்தபோது முள் கிட்டத்தட்ட அடியில் இருந்தது. அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். அவர் மகள் வழியெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கணக்கு இவ்வளவுதான். பி டைப் சிலிண்டரின் கொள்ளளவு 10 லிட்டர்; அதற்குள்தான் ஆக்சிஜனை அழுத்தி அடைத்திருப்பார்கள். சாவியைத் திறந்துவிட்டு முள் காட்டும் எண்ணைப் பாருங்கள். அதில் 20ஐக் கழித்துவிடுங்கள், அது கையிருப்பு. மீதியைப் பத்தால் பெருக்கி, ஃப்ளோ அளவால் வகுங்கள். அன்றைக்கு எனக்கு 90. இருபது போக 70, அதாவது 700 லிட்டர். 15ஆல் வகுத்தால் 46 நிமிடம். இதைக் கிளம்புமுன் போட்டிருந்தால் அந்த வண்டி நகர்ந்தே இருக்காது. போகும் நேரம் எவ்வளவோ, அதில் பாதியைக் கூடச் சேர்த்துக்கொண்டு ஆக்சிஜன் எடுங்கள். ரயில்வே கேட், மரம் விழுந்த ரோடு, லிஃப்டுக்குக் காத்திருப்பது எல்லாம் அந்தப் பாதிக்குள் வந்துவிடும். வென்டிலேட்டர் இருந்தால் இன்னும் கவனம். சில மாடல்கள் நோயாளிக்குக் கொடுப்பது போக, தான் ஓடுவதற்கும் ஆக்சிஜனையே இழுக்கும்.

போன மாதம் வந்த தம்பியிடம் கேட்டேன், எவ்வளவு இருக்கிறது என்று. "பாதிக்கு மேல இருக்குக்கா" என்றான். எத்தனை நிமிடம் என்றேன். முழித்தான். இரண்டு வருடம் வென்டிலேட்டர் பார்த்தவன். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? இதை ஒரு தேர்விலும் அவனிடம் யாரும் கேட்டதில்லை. இப்போது ஷிப்ட் ஏறியதும் இரண்டு சிலிண்டரையும் திறந்து பார்த்து, நிமிடக் கணக்கை பிளாஸ்டரில் எழுதி ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

பைலட்டைக் கேட்காமல் இறங்குவது

ரோட்டை அவர்தான் பார்க்கிறார். அவர் இறங்கலாம் என்ற பிறகு இறங்குங்கள்.

விபத்து நடந்த இடத்திலேயே ஐ.வி. லைன் தேடுவது

ஐ.வி. லைன் என்பது மருந்து ஏற்ற நரம்பில் போடும் குழாய். அதற்காக நிற்காமல், ரத்தம் வரும் இடத்தை அழுத்திக் கட்டுங்கள், ஏற்றுங்கள், கிளம்புங்கள். லைனை ஓடும் வண்டியில் போடலாம். ஆடும் வண்டியில் போட வராது என்றால், அதைத்தான் பயிற்சியில் பழக வேண்டும்.

போனில் டாக்டரிடம் கேஸ் ஷீட்டை வாசிப்பது

வார்டில் டூட்டி டாக்டர் வந்து நோயாளியைப் பார்த்துவிடுவார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு உங்கள் கண்தான் கண். எப்போது ஆரம்பித்தது, சர்க்கரை எத்தனை வருடம் என்று தொடங்கினால், அவர் முக்கியமானதைப் பிடிப்பதற்குள் இரண்டு நிமிடம் போய்விடும். என்ன வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள்: "சார், ஃபிட்ஸ் நிக்கல, மிடாசோலம் கொடுக்க அனுமதி வேணும்." அப்புறம் வயது, எடை, சாச்சுரேஷன், பி.பி., சர்க்கரை அளவு. அவர் சொன்ன டோஸைத் திரும்பச் சொல்லி, அவர் ஆமாம் என்ற பிறகு மருந்தை எடுங்கள்.